கடற்காத்து ஒரு கிலோ

கொழும்புத்துறைக் கலியாண மண்டபத்திலை அண்டைக்குக் கலியாணம் ஒண்டும் இல்லை. ஆனாலும் கலியாணத்தை விடக் கூடச் சனம். ‘மின்வணிகம்: ஆரம்பிப்போருக்கான அருள் வகுப்பு’ எண்டு வாசலிலை பதாகை. குருநகர்க் கருவாட்டுக்காரர், தென்மராட்சி முருங்கைத்தூள்காரர், கேக் அடிக்கிற பொம்பிளையள் எல்லாரும் காய்ச்சல்காரப் பிள்ளையை ஏந்தின மாதிரிக் கைபோனை ஏந்திக்கொண்டு நிண்டினம்.

வகுப்பெடுத்தவர் இணையச் சித்தர் றஜிந்தன். முந்தி போனுக்குக் கண்ணாடி ஒட்டினவர், பிறகு ஞானம் வந்திட்டுது. ஒன்லைன் கடைக்கு ஓடர் வராததுக்குக் காரணம் கண்ணூறு. மந்திரிச்ச நூலைப் போனிலை கட்டினால் கனடாவே வாசலுக்கு வரும். பாடம் அவ்வளவுதான்.

குருநகர் கத்தரீனா அதை முழுசா நம்பினா. புது வள்ளம் இறக்கேக்கை சுவாமியார் தண்ணி தெளிக்கிறவர், புதுக் கடைக்கு ஆர் தெளிச்சது? புருசன் லெனாட் பிடிச்சு, அவ காயவைச்ச கருவாட்டைப் போனிலை ஒருத்தரும் கேக்கேல்லை. சித்தருக்குக் காணிக்கை பவுன். அவவிட்டை இருந்த ஒரே பவுன் மகள் கோயிலிலை முதன்முதல் நன்மை வாங்கேக்கை போட்ட புதுநன்மைச் சங்கிலி. அதைக் கைலேஞ்சியிலை முடிஞ்சுகொண்டு வந்திட்டா.

கூட வந்தவ லெனாட்டின்ரை தங்கச்சி லவீனா. வரிசையிலை நிக்கேக்கை போனை வாங்கி, ஒன்லைன் கடையிலை இருந்த கருவாட்டை எடுத்துப்போட்டு வேறை ஒண்டைப் போட்டா. சித்தர் அறிஞ்சால் என்னாகுமெண்டு கத்தரீனா பயந்தா.

“ஞானக்கண் இருக்கிறவருக்குத் தெரியத்தானே வேணும், மச்சாள்.”

சித்தர் கறுத்த நூலைப் போனிலை சுத்தினார். கண்ணை மூடினார். மேடைக்குப் பின்னாலை தொங்கின திரைச்சீலைப் பக்கம் திரும்பி ஒருக்கால் செருமினார். போன் ‘டிங்’ எண்டுது. பிறகும் ‘டிங்’. சனம் கும்பிட்டுது. சித்தர் சங்கிலிக்குக் கையை நீட்டினார்.

லவீனா மைக்கை வாங்கி ஓடரை வாசிச்சா. கனடாக்காரர் ஒருத்தர் பத்துக் கிலோ கேட்டிருக்கிறார்; காசு சாமான் கைக்கு வந்தாப்பிறகு. போதாததுக்கு ஒரு பாராட்டும் எழுதியிருந்தார்: ‘போனமுறையும் வாங்கினது. முள்ளில்லாத சரக்கு. பொரிச்சுச் சாப்பிட்டம்.’

எதைப் பொரிச்சவர் எண்டு பின்வரிசை வாங்கிலையிருந்து ஒரு மனுசி கேட்டா.

“கடற்காத்தை,” எண்டா லவீனா. “இப்ப வரிசையிலை நிக்கேக்கைதான் கடையிலை போட்டனான். கிலோக்கணக்கிலை.”

பிறகு கனடாக்காரரின்ரை நம்பருக்கு அடிச்சா. திரைக்குப் பின்னாலை மணி கேட்டுது. கனடா இவ்வளவு கிட்ட எண்டு சனத்துக்கு அண்டைக்குத்தான் தெரியும். திரையை இழுத்தால் சித்தரின்ரை மச்சான், மடி நிறையப் போன். கருவாட்டுக்காரர் எல்லாருக்கும் அவர் ஒரே பாராட்டைத்தான் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம், ஆர் என்ன விக்கிறவை எண்டு பாக்க நேரமில்லை.

கத்தரீனாவுக்கு ஆத்திரமும் வெக்கமும் சேர்ந்து அழுகை வந்தது. கைலேஞ்சியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கேட்டா, “அப்ப ஏன் என்ரை கருவாட்டை ஒருத்தரும் வாங்கேல்லை?”

லவீனா கடையைத் திறந்து காட்டினா. கண்ணூறு படுமெண்டு கருவாட்டைக் காட்டாமல், மூடின பெட்டியைப் படமெடுத்துப் போட்டிருந்தா கத்தரீனா. விலையும் இல்லை, முதலே சொன்னால் யாவாரம் முறிஞ்சிடுமாம்.

வீட்டை போய்ப் பெட்டியைத் திறந்து, வெயிலிலை படமெடுத்து, விலையும் போட்டினம். பின்னேரம் மானிப்பாயிலையிருந்து ஓடர் வந்தது. கருவாட்டுக்குத்தான். சித்தரின்ரை நூல் அந்தப் பொதியைக் கட்ட உதவிச்சுது. சங்கிலி பிள்ளையின்ரை கழுத்துக்குத் திரும்பிப் போச்சுது.

மண்டபத்தடியிலை கொஞ்சச் சனம் இன்னும் நிக்குது, காணிக்கையைத் திருப்பிக் கேக்க இல்லை, அடுத்த சித்தர் எப்ப வாறார் எண்டு கேக்க. அவைக்கு ஒண்டு சொல்லலாம். மூளைக்கு ஆரும் ஓடர் போடத் தேவையில்லை, பிறக்கேக்கையே இலவசமாக் கைக்கு வந்திட்டுது. ஒருக்கால் பொதியைப் பிரிச்சுத்தான் பாருங்கோவன்.