முதல் இடத்தில் திம்மப்பன்

"ஏம்பா ரத்தினவேல், உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பர்சனல் ஆபீசர் முனிசாமி கையில் ஒரு தாளோடு, கம்பெனியின் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீசுக்குள் வந்து நின்றார். கேன்டீன் பலகையிலிருந்து பிய்த்து வந்த அவசரத்தில், தாளின் மூலையில் குண்டூசி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கேன் சார்."

"அப்ப இது என்ன? முதல் இடம் திம்மப்பன். ரெண்டாவது இடம் ஜி.எம். திம்மப்பன்னா யாரு, நம்ம டென்னிஸ் கோர்ட்டுக்குத் தண்ணி தெளிச்சு, சுண்ணாம்புல கோடு போடற திம்மப்பனா?"

"ஆமா சார். கணக்கு அப்படித்தான் வருது."

"கணக்கு வரும்பா. உன் கன்ஃபர்மேஷன் ஆர்டர் வருமா? அந்த ஃபைல் யார் மேசையில இருக்கு? ஜி.எம். மேசையில. திங்கக்கிழமை கையெழுத்து."

ரத்தினவேலுக்கு அப்போதுதான் அது உறைத்தது. கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. வேலை நிரந்தரமானால்தான் கம்பெனி குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் மனைவி பவளத்தையும், இதுவரை ஒரே ஒரு முறை தூக்கிப் பார்த்திருந்த மகளையும் கூட்டிவர முடியும்.

ஜெனரல் மேனேஜர் கோவிந்தன் நல்ல மனிதர். டென்னிஸ் என்றால் மட்டும் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். உலகத்தில் யார் முதல் ஆட்டக்காரர் என்று முன்பெல்லாம் பத்திரிகைக்காரர்கள் பேசி முடிவு செய்வார்களாம். இப்போது கம்ப்யூட்டர் சொல்கிறதாம். ஒரு வருஷத்தில் வாங்கிய புள்ளிகளையெல்லாம் கூட்டி, ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரிதான் இடம். வருஷம் திரும்பினால் பழைய புள்ளி உதிர்ந்துவிடும். மேலே ஏறியவன் காலை நீட்டி உட்கார முடியாது. மறுபடி ஜெயித்தாக வேண்டும். இதையெல்லாம் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் படித்த கோவிந்தன், அதைக் கத்தரித்து ரத்தினவேலிடம் கொடுத்தார். கம்ப்யூட்டர் இல்லாத குறையை ரத்தினவேல் தீர்த்து வைத்தான்.

சனிக்கிழமைதோறும் போட்டி. ஜெயித்தவருக்கு இருபது புள்ளி. எட்டு மாதமாக ஜி.எம்.தான் முதல் இடம். முப்பத்திரண்டு போட்டி ஆடி, சராசரி பதினெட்டு வைத்திருந்தார்.

போன சனிக்கிழமை அவர் மெட்ராஸ் போயிருந்தார். சானமாவு ரோட்டில் யானைகள் இறங்கியதால் கம்பெனி பஸ் நின்றுவிட, ஆட வேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஆள் கணக்குக்காகத் திம்மப்பன் கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு சுற்றில் எதிராளியே இல்லை. இறுதி ஆட்டத்தில் ஸ்டோர்ஸ் கந்தன் இரண்டாவது பந்திலேயே காலைச் சுளுக்கிக்கொண்டார். ஒரு போட்டி, இருபது புள்ளி. சராசரி இருபது.

"தாளைத்தான் எடுத்தாச்சே சார், யாரும் பார்த்திருக்க மாட்டாங்க" என்றான் ரத்தினவேல்.

அதற்குள் ஜி.எம். அறையிலிருந்து ஆள் வந்தது.

"பலகையில ஒரு லிஸ்ட் இருந்ததே. பார்த்துட்டுக் காபி குடிக்கப் போனேன், திரும்பி வந்தா காணோம். கிழிச்சது யாரு?" என்று கேட்டார் கோவிந்தன்.

ரத்தினவேல் முனிசாமியைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. "சின்னத் திருத்தம் சார். உலகப் பட்டியல்ல பன்னெண்டு போட்டிக்குக் குறைவா ஆடினவங்களுக்கும் பன்னெண்டால வகுக்கணும்னு ஒரு விதி இருக்கு. அதை நாமளும்..."

"நான் ஏறினப்போ இல்லாத விதி, நான் இறங்கினதும் எதுக்கு? லிஸ்டைத் திரும்ப ஒட்டுங்க."

சொல்லிவிட்டு மேசையில் இருந்த ஃபைல் அடுக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மூன்றாவதாக இருந்தது தன்னுடையது என்பதை ரத்தினவேல் பார்த்தான்.

முனிசாமி ஒரு யோசனை சொன்னார். "திம்மப்பனை இந்த சனிக்கிழமையும் ஆட வை. முதல் ரவுண்டுலயே தோப்பான். சராசரி பாதியாயிடும்."

ரத்தினவேல் கோர்ட்டுக்குப் போனான். திம்மப்பனும் அவர் மனைவி நாராயணம்மாவும் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார்கள்.

"திம்மப்பண்ணே, சனிக்கிழமை நீங்க ஆடணும்."

"எனக்கு ஆடத் தெரியாதுங்க சாமி. பந்து வந்தா திருப்பிக் குடுப்பேன். அவ்ளோதான்."

"அது போதும்ணே."

தோற்றுப் போங்கள் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. ஒரு மனிதனிடம் போய்ப் பொய்யாக ஆடு என்று சொல்வதைவிட, மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரரிடம் சொல்வது மேல் என்று தோன்றியது. போய்ச் சொல்லிவிட்டும் வந்தான்.

சனிக்கிழமை திம்மப்பன் வெறுங்காலோடு ஆடினார். முதல் ரவுண்டில் ஜெயித்தார். இரண்டாவது ரவுண்டில் கந்தனையும் ஜெயித்தார்.

"என்ன சார் இப்படித் தோத்துட்டீங்க?" என்று ரத்தினவேல் கந்தனைக் கேட்டான்.

"பின்ன? இவரை ஜெயிச்சா நாளைக்கு ஃபைனல்ல நான்ல ஜி.எம்.கூட ஆடணும்? அவரை ஜெயிச்சா லீவு கிடைக்காது. அவர்கிட்ட ஓடித் தோத்தா முழங்கால் மிஞ்சாது. திம்மப்பன் ஆடட்டும், புண்ணியமாப் போவும்."

இப்படியாக ஞாயிற்றுக்கிழமை மாலை இறுதி ஆட்டம், ஜி.எம்.முக்கும் திம்மப்பனுக்கும் என்று ஆயிற்று. அதனால் என்ன, எட்டு மாதமாக யாராலும் அசைக்க முடியாத மனிதர், நாளை மட்டும் தோற்கவா போகிறார் என்று ரத்தினவேல் மனதைத் தேற்றிக்கொண்டான்.

இரவு பெய்த மழையில் கோடுகளெல்லாம் கரைந்துவிட்டன. திம்மப்பன் ஊருக்குப் போயிருந்தார். நேரே ஆட்டத்துக்குத்தான் வருவார். மத்தியானம் நாராயணம்மா மட்டும் சுண்ணாம்பு வாளியோடு நின்றாள்.

ஆடப் போகிற மனிதர் வந்ததும் வராததுமாகக் குனிந்து கோடும் போட வேண்டுமா என்று ரத்தினவேலுக்கு இரக்கமாக இருந்தது.

"குடும்மா, நான் போடறேன்."

"வேணாங்க சாமி. அவருக்குத்தான் அளவு தெரியும்."

"அளவு புத்தகத்துலயே இருக்கும்மா. வலையிலேருந்து ரெண்டு பக்கமும் முப்பத்தொன்பது அடி."

நாராயணம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். படித்தவரிடம் என்ன சொல்வது என்று வாளியைக் கொடுத்துவிட்டாள். ரத்தினவேல் டேப் பிடித்து ஓர் அங்குலம் பிசகாமல் கோடு போட்டு முடித்தான். நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது.

சாயங்காலம் நடுவராக உட்கார எந்த ஆபீசரும் முன்வரவில்லை. ஒருவருக்குத் தலைவலி, ஒருவருக்கு மாமனார். உயரமான அந்த ஸ்டூலும் ரத்தினவேலுக்கே வாய்த்தது.

அந்தக் கோர்ட்டைக் கட்டியவர் திசை பார்க்காமல் கிழக்கு மேற்காகக் கட்டிவிட்டார். கண்ணில் வெயில் பட்டால் ஜி.எம்.முக்கு நீர் வடியும் என்பதால், அவர் எப்போதும் மேற்குப் பக்கம் சூரியனுக்கு முதுகு காட்டித்தான் ஆடுவார். பக்கம் மாற வேண்டும் என்ற விதியை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. திம்மப்பனும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிழக்கே போய் நின்றார்.

கோவிந்தன் அழகாக, ஓங்கி அடித்தார். பந்து திம்மப்பனைத் தாண்டிப் பின்கோட்டுக்கு ஒன்றரை அடி வெளியே விழுந்தது. ஈர மண்ணில் அதன் தடம் வட்டமாகத் தெரிந்தது.

கூட்டம் ரத்தினவேலைப் பார்த்தது. வேலிக்கு வெளியே நின்ற முனிசாமி 'உள்ளே, உள்ளே' என்று கையால் காட்டினார். பவளம் நினைவுக்கு வந்தாள். குழந்தை நினைவுக்கு வந்தது. ஆனால் வாய் தன்பாட்டுக்கு, "அவுட்" என்றது.

அடுத்ததும் அதே இடம். அதற்கு அடுத்ததும். திம்மப்பன் வந்த பந்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார், ஜி.எம். ஒன்றரை அடி வெளியே அடித்துக்கொண்டிருந்தார். ரத்தினவேலுக்கு 'அவுட்' சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போயிற்று. ஆறுக்கு இரண்டு என்று திம்மப்பன் ஜெயித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. ஜெயித்தவரே "மன்னிச்சிக்கோங்க ஐயா" என்று கும்பிட்டார்.

திங்கட்கிழமை காலை ஜி.எம். கூப்பிட்டனுப்பினார்.

"ரத்தினவேல், எட்டு மாசத்துல என் பந்தை அவுட்டுன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"சார், அது வெளியேதான்..."

"தெரியும். தடத்தை நானே போய்ப் பார்த்தேன். அப்ப இத்தனை நாளா என் ஆபீசர்களெல்லாம் பயந்துக்கிட்டு என்னை முதல் இடத்துல வெச்சிருக்காங்க. டைம் ஆபீசுக்கு உண்மை சொல்றவன்தான் வேணும்."

கையெழுத்துப் போட்டு ஃபைலை நீட்டினார். குவார்ட்டர்ஸ் உத்தரவும் உள்ளே இருந்தது.

வெளியே முனிசாமி நின்றுகொண்டிருந்தார். ஜி.எம்.மிடம் அவர் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். "பெருமாள் மேல சத்தியமாச் சொல்றேன்பா, எட்டு மாசமா அவர் பந்து கோட்டுக்கு உள்ளதான் விழுந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."

செய்த தப்புக்குச் சாமியையும் சாட்சிக்கு இழுக்கிறாரே என்று ரத்தினவேலுக்கு வருத்தமாக இருந்தது. நேரே கோர்ட்டுக்குப் போனான். நாராயணம்மா தனியாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வேலை நிரந்தரமாயிடுச்சும்மா. உண்மையைச் சொன்னதுக்குக் கடவுள் குடுத்த கூலி. மத்தவங்க எல்லாம் பாரு, வெளியே விழுந்ததை உள்ளேன்னு சொல்லி எட்டு மாசமா அந்த மனுசனை ஏமாத்தியிருக்காங்க."

நாராயணம்மா விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"யாரும் பொய் சொல்லலீங்க சாமி. பெரிய ஐயா பந்து எப்பவும் அங்கதான் வுழும், பாவமேன்னு எங்க வீட்டுக்காரருதான் கெழக்கால கோட்டை ரெண்டடி தள்ளியே போட்டுட்டு வந்தாரு."