தள்ளிப் போன வாசல்

“அப்பா, இப்படித் தள்ளிக்கிட்டே போனா வாசல் கடைசியா எங்க போய் நிக்கும்?”

காவியா அன்றைக்கே கேட்டாள். மூன்றாம் வகுப்புக்கு வாஸ்து புரியாது என்று முனிராஜ் சிரித்துவிட்டார்.

சூளகிரியில் அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் மிஷின் வந்த மரப்பெட்டிகளை உடைத்து விற்றார்கள். தச்சு வேலை ஆசையில் ஒரு லோடு பலகை வாங்கி ஹாலில் அடுக்கிவிட்டார். சாமிக்கு விளக்கேற்றக்கூட மனைவி சுமலதா பலகைமேல் ஏறி இறங்கவேண்டியிருந்தது.

“ஏங்க, ஆடி பொறக்கறதுக்குள்ள இது வெளிய போகணும். இல்லேன்னா பலகையோட நீங்களும் போயிடுங்க.”

கொல்லையில் மரக் கொட்டகை ஒன்று போடுவதென்று முடிவாயிற்று. கீழே கான்கிரீட் மேடை, கிழக்கே வாசல். முளையடித்துக் கயிறு கட்டியதும் கம்பெனி கேன்டீன் மாரிசாமி வந்தார். போனில் பார்த்தே வாஸ்து கற்றவர்.

“வாசலுக்கு நேரா செப்டிக் டேங்கா? மகாலட்சுமி எப்படிப்பா உள்ள வருவா?”

முனிராஜ் பக்திமான். தெற்கே ஆறடி தள்ளினார். அங்கே எதிரில் தென்னை மரம்.

“மரம் மறிக்குது. தள்ளு!”

தள்ளினால் கரண்ட் கம்பம்.

“இன்னும் தள்ளு, தள்ளு... வா, வா...” பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கவைக்கும் கண்டக்டரைப்போல மாரிசாமி கையை ஆட்டினார்.

அடுத்த தெரு தக்காளி வியாபாரி குலாம் முகம்மது டெம்போவை நிறுத்திப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், முனிராஜ் கண்மூடிக் கும்பிடுவதைக் கண்டு, “நல்லா வரட்டும் தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எலுமிச்சம்பழம் நசுக்கி, கான்கிரீட் போட்டாயிற்று. மறுநாளே கம்பெனியில் ஒரு வாரம் ஓவர்டைம். மேடை வெடிக்காமலிருக்கத் தண்ணீர் விட நேரமில்லை. பயந்துகொண்டே வந்து பார்த்தால், தினமும் மேடை மட்டும் நனைந்திருந்தது.

“நீ ஊத்தினியா?”

“உங்க சிமெண்டுக்கு நான் எதுக்கு ஊத்தறேன்?”

“அப்போ பெருமாள்தான்!” முனிராஜுக்குக் கண் கலங்கியது.

கொட்டகை எழும்பியது. பலகையெல்லாம் வெளியே போயிற்று. சுமலதா சிரித்தாள். முளையடிக்குமுன்பே கொட்டியதில் மிச்சமிருந்த எம்-சாண்ட் மணல் குவியலை அள்ளும்போது, அடியில் வெள்ளையாக ஒரு கல் தலைகாட்டியது. எல்லைக்கல்!

முனிராஜ் கல்லைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். அதில் ஓரங்குலம்கூட அவர் மனையில் இல்லை. முழுக்கக் குலாம் பாயுடைய காலி மனை.

வியர்க்க விறுவிறுக்கப் பாய் வீட்டுக்கு ஓடினார். பாய் பேரிகை சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவி காத்தூன்தான் இருந்தார்.

“அக்கா, தெரியாம செஞ்சிட்டேன். நாளைக்கே இடிச்சிடறேன்.”

“எதுக்கு இடிக்கறீங்க? நாங்க வீடு கட்ட இன்னும் அஞ்சு வருஷமாகும். போன வருஷம் ஹைவேல எங்க தக்காளி கொட்டினப்ப, ஷிப்டுக்கு லேட்டானாலும் பரவால்லன்னு உக்காந்து பொறுக்கிக் கொடுத்தது நீங்க ஒருத்தர்தானாமே?”

முனிராஜுக்கு அது நினைவே இல்லை.

காத்தூன் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்:

“முளையடிச்ச அன்னைக்கே அவருக்குத் தெரியும் தம்பி. மேடை வெடிச்சா இன்னும் தள்ளிப்போய் அந்தப் பக்கம் போலீஸ்காரர் மனையில போட்டுடுவீங்களேன்னுதான், தினமும் யாருக்கும் தெரியாம வந்து தண்ணி ஊத்தினாரு!”