வழிமொழிய ஆள் இல்லாத தீர்மானம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் தனியாக ஒரு தும்மல்கூடத் தும்மாத மனிதர் முன்மொழி அண்ணன் ஒருவர்தான். முதல் தும்மல் அவருடையது. பக்கத்தில் இருப்பவர் யாராவது "வழிமொழியறேன்" என்று சொல்லும்வரை இரண்டாவது தும்மல் மூக்கு நுனியில் அனுமதிக்காகக் காத்து நிற்கும். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து பார்க்கலாம்.

அவருடைய இயற்பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. அதைத் தாண்டி அது வெளியே வந்து நான் பார்த்ததில்லை. தொழில், கூடாரமும் பிளாஸ்டிக் நாற்காலியும் வாடகைக்கு விடுவது. கல்யாணமோ கருமாதியோ, அவருடைய லோரிதான் முதலில் வந்து நிற்கும். ஆனால் என்ன வேலை என்று கேட்டால் "கிளைத் தலைவர்" என்பார். எங்கள் வட்டாரத்தில் ஒரு பழைய கட்சியின் கிளைக்கு அவர்தான் தலைவர். கட்சியின் பெயரைச் சொன்னால் வாசகர்களில் பாதிப் பேர் கைதட்டுவார்கள், மீதிப் பேர் இதழை மூடிவிடுவார்கள். ஆகவே வேண்டாம்.

நாள் கிழமை குறித்து வைப்பது என் வியாதி. இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. ஆனால் இதழாசிரியர், தேதி எழுதினால் கட்டுரையைப் பஞ்சாங்கப் பகுதியில் போட்டுவிடுவதாக மிரட்டியிருப்பதால் பண்டிகைகளை வைத்தே நகர்கிறேன். இந்த வியாதியைப் பார்த்துத்தான் முன்மொழி அண்ணன், எந்தக் கட்சியிலும் இல்லாத என்னைப் பிடித்துத் தம் கிளைக்குக் கூட்டக்குறிப்பு எழுத வைத்தார். அதுவும் முறைப்படி முன்மொழிந்து, வழிமொழிந்துதான்.

நம் ஊர்க் கூட்டங்களை அறிந்தவர்களுக்கு இது புரியும். கோயில் நிர்வாகமோ காற்பந்துச் சங்கமோ, ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழியாமல் ஒரு குண்டூசிகூட நகராது. மற்றவர்கள் அந்தப் பழக்கத்தை மண்டபத்துக்குள்ளேயே விட்டுவிட்டுச் செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு வருவார்கள். இவர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் "இன்னொரு கரண்டி ரசம், முன்மொழியறேன்" என்பார். ரசம் வாளியோடு நிற்கும் முத்து ராமநாதபுரத்துக்காரர்; ஐம்பதை நெருங்குகிற, நிதானமான மனிதர். வந்த புதிதில் மலேசியாவில் ரசம் கேட்கும் முறையே இதுதான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். "வழிமொழியறேண்ணே, அப்பளமும் வைக்கட்டுமா?" என்று கேட்கப் பழகிவிட்டார். இப்போது மற்ற மேசைகளுக்கும் வழிமொழிகிறார். சுற்றுப்பயணிகள் குழம்பிப்போகிறார்கள்.

மகளின் நிச்சயதார்த்தத்தில் கல்யாண நாளைச் சொல்லிவிட்டு, "முன்மொழியறேன், வழிமொழிய யாரு?" என்று சபையைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று எழுந்துவிட்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையே கை தூக்கி வழிமொழிந்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே மருமகன் மேல் அவருக்கு இன்றளவும் தனி மரியாதை.

அவர் மனைவி ராஜம் அக்கா மட்டும் எதையும் வழிமொழிவதில்லை. "இந்த மனுசன் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டப்ப ஒருவாட்டி வழிமொழிஞ்சேன். அதுவே இன்னும் முடியல" என்பார்.

அவருக்கு ஓர் எதிரி இருந்தார். சவரி அங்கிள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதிர்க்கட்சிக்காரர். இருவரும் ஒரே அடுக்குமாடியில் ஒரே மாடிக்காரர்கள். ஒருவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர் படியில் இறங்குவார். சனிக்கிழமை இருவரும் சாப்பிடுவது ஒரே கடையில், அடுத்தடுத்த மேசையில், முதுகும் முதுகுமாக. நாற்காலிகள் இடித்துக்கொள்ளும், யாரும் திரும்பமாட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நடுவில் நான்தான். "உங்க கூட்டாளிகிட்ட சொல்லுங்க, சட்டையில சாம்பார் பட்டிருக்கு" என்று இவர் சொல்ல, நான் தலையைத் திருப்பி அதையே அவரிடம் சொல்வேன்.

ஒரு தேர்தலில் சவரி அங்கிளின் கட்சி செராமா என்கிற பிரச்சாரக் கூட்டம் போட்டது. சுற்று வட்டாரத்தில் கூடாரம் வைத்திருப்பவர் முன்மொழி அண்ணன் ஒருவர்தான். தரமாட்டேன் என்றுவிட்டார். அன்று மழை கொட்டியது. சவரி அங்கிள் ஒரு பெரிய குடையின் கீழ் நின்று பேசினார். கேட்டவர்கள் கடை வரிசையின் முன்னால், கூரை போட்ட ஐந்தடிப் பாதைத் தூண்களில் ஒண்டிக்கொண்டு கைதட்டினார்கள். முன்மொழி அண்ணன் லோரிக்குள் உட்கார்ந்து முழுப் பேச்சையும் கேட்டார். "பொய்தான் பேசறான். ஆனா குரல் நல்லாருக்கு" என்றார்.

பிறகு ஒரு தவக்காலத்தில் சவரி அங்கிளின் மனைவி இறந்துபோனார். யாரும் சொல்லியனுப்பவில்லை. பொழுது விடிவதற்குள் அடுக்குமாடியின் கீழே கூடாரம் எழுந்திருந்தது, நாற்காலிகள் வரிசையாக இருந்தன. முன்மொழி அண்ணனே ஆட்களோடு நின்று கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறார். ஆனால் உள்ளே வரவில்லை. பிரேதம் தேவாலயத்துக்குக் கிளம்பும்வரை கூடாரத்துக்கு வெளியே வெயிலில் நின்றார். உள்ளே வரலாமே என்று கூப்பிட்டேன். "அவங்க வீட்டுக் கூட்டம். நான் உறுப்பினர் இல்லியே" என்றார். அதற்குப் பிறகும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பகை ஒரு பொதுத் தேர்தலால் கெட்டுப்போனது. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த நாள்கள் அவை. எங்கள் வீட்டில் தீபாவளி முறுக்கு டின்னில் தூள் மட்டும் மிஞ்சியிருந்தது. முடிவில், அதுவரை ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்த அண்ணன் கட்சியும் சவரி அங்கிளின் கட்சியும் சேர்ந்து அரசாங்கம் அமைத்தன. கடைத் தொலைக்காட்சியில் இரு தரப்புத் தலைவர்களும் கைகுலுக்கிச் சிரித்தார்கள். முன்மொழி அண்ணன் கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தார். அவர் கோபம் நான் எதிர்பார்த்த இடத்தில் விழவில்லை.

"சேரட்டும். சண்டைக்காரங்க சேரறது நல்லதுதான். யாரு முன்மொழிஞ்சா? யாரு வழிமொழிஞ்சா? கிளையைக் கேட்டாங்களா?"

முதுகுக்குப் பின்னால் சவரி அங்கிளும் இலையில் கை வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவரையும் யாரும் கேட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் கட்சி அலுவலகத்துக்கே போய்விட்டார். மேசையில் இருந்தவர், "மேல முடிவு பண்ணிட்டாங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறார். "மேலன்னா எந்த மாடி?" என்று கேட்டுவிட்டு இவர் லிஃப்டில் ஏறிக் கடைசி மாடிவரை போனார். அங்கிருந்து படியேறி மொட்டை மாடிக்கும் போனார். திரும்பி வந்து எங்களிடம் சொன்னார்: "நல்லா பாத்துட்டேன். மேல தண்ணித் தொட்டிதான் இருக்கு."

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். கட்சியில் இருப்பதா, போவதா? எங்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. அவருக்கு இல்லை. இளவட்டமாய்க் கொடி கட்ட ஏணியில் ஏறியவர். அந்தக் கட்சியை விட்டால் அவர் வெறும் நாற்காலிக்காரர். இருந்தாலோ, தம்மை ஒரு வார்த்தை கேட்காதவர்களுக்கு நாற்காலி போடுகிறவர்.

மோப்பம் பிடித்துப் புதுக் கட்சிக்காரர்கள் இருவர் வந்தார்கள். காலர் வைத்த டீசட்டு ஒரு கட்டு கொடுத்து, "அங்கிள், நீங்க வந்தா தொகுதியில பெரிய போஸ்ட் லா" என்றார்கள். இவர் டீசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ராஜம் அக்கா வாங்கித் தேய்த்துப் பார்த்து, "நம்ம கட்சி டீசட்டைவிட நல்ல துணி. லோரி தொடைக்க வரும்" என்று உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

அடுத்த ஆடியில் சிலாங்கூரில் மாநிலத் தேர்தல் வந்தது. சுங்கை வேயில் இரு கட்சியும் சேர்ந்து செராமா, கூடாரம் இவருடையது, இரண்டு கொடியும் கட்ட வேண்டும் என்று உத்தரவு. கட்டினார். தம் கட்சிக் கொடியை முன் கம்பத்திலும், மற்றதைக் கூடாரத்தின் பின்னால், நாசி லெமாக் சோறு விற்கும் கடைப் பக்கம் பார்த்தும். அமைப்பாளர்கள் சத்தம் போட்டதும் இரண்டையும் ஒரே கம்பத்துக்குக் கொண்டு வந்தார். காற்றடித்தது. இரண்டும் பின்னிக்கொண்டு ஆடின. "பாக்கவே கூச்சமா இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தேர்தல் முடிந்த கையோடு கிளைக் கூட்டத்தைக் கூட்டினார். ஒரு காலத்தில் மண்டபம் நிறைந்த கிளை. இப்போது பிள்ளைகளோடு ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டதால், கடையில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டால் இடம் மிஞ்சும். செமினியிலிருந்து லோரி ஓட்டுநர் பழனி வந்தார். கிள்ளானிலிருந்து வந்தவர்கள் சாலை நெரிசலைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்கள். ராஜம் அக்காவும் ஓர் உறுப்பினராக மேசை ஓரத்தில் இருந்தார். அடுத்த மேசையில் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு சவரி அங்கிள் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முன்மொழி அண்ணன் எழுந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தக் கிளையோட தலைவர் கட்சியை விட்டு விலகணும். முன்மொழியறேன்."

தலைவர் நாற்காலியில் இருப்பவர் தீர்மானம் முன்மொழிவது வழக்கமில்லை. நடைமுறைப் புத்தகங்கள் படித்த எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே தெரியும். ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அவர் வாழ்க்கையில் நடந்த எல்லாமே, மகள் கல்யாணம் உட்பட, செல்லாது என்று ஆகியிருக்கும்.

"வழிமொழிய யாரு?"

யாரும் நிமிரவில்லை. பழனி அப்பளத்தை ஒடிக்காமல் கையில் வைத்திருந்தார். ரசம் வாளியோடு வந்த முத்து பழக்கத் தோஷத்தில் வாயைத் திறந்தார்.

"வழிமொ..."

ராஜம் அக்கா எழுந்த வேகத்தில் வாளி ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம். "முத்து, நீ உள்ள போ" என்றார். முத்து போய்விட்டார். ஏன் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

தீர்மானம் விழுந்தது. அப்படியானால் கட்சியில் நீடிக்க வேண்டும் என்று யாராவது முன்மொழியலாம் என்றார் அண்ணன். அதற்கும் ஆள் இல்லை. "எப்படிண்ணே கையைத் தூக்கறது?" என்றார் பழனி. "மேல இருக்கறவன் நம்மளைக் கேக்கல. இருன்னு சொல்லவும் மனசு வரல. உங்களைப் போன்னு சொல்லவும் வாய் வரல."

ஆக, போவதற்கும் வழியில்லை, இருப்பதற்கும் வழியில்லை. உட்காருவதற்கும் ஒரு தீர்மானம் தேவை என்பதுபோல முன்மொழி அண்ணன் நின்றுகொண்டே இருந்தார்.

அப்போது பின்னால் நாற்காலி நகர்ந்தது. சவரி அங்கிள் எழுந்து திரும்பினார். அவர் அந்த மேசையைப் பார்த்துத் திரும்பியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"மிஸ்டர் சேர்மேன். நீங்க இருக்கணும்னு நான் சொல்றேன்."

"உறுப்பினர் அல்லாதவங்க பேச முடியாது" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்து.

"உறுப்பினர் இல்லதான். ஆனா உங்க மேலிடமும் எங்க மேலிடமும் டிவியில கையைக் குலுக்கிட்டாங்களே, அப்ப நான் உங்களுக்கு என்னா? நீங்க போயிட்டா நான் இத்தனை வருசமா யாரை எதிர்த்தேன்னு சொல்லிக்கறது? அந்த டீசட்டுக்காரனையா? நீங்க அங்கியே இருங்க. நான் இங்கியே இருக்கேன். முதுகு சாய்க்க வசதியா இருக்கு லா."

அண்ணன் என் பக்கம் திரும்பி, உறுப்பினர் அல்லாதவரின் பேச்சு விதிப்படி நிராகரிக்கப்பட்டதாக எழுதச் சொன்னார். எழுதினேன். அடுத்து அவரே ஒரு வெற்று நாற்காலியை இழுத்து மேசை ஓரத்தில் போட்டார். "நிராகரிச்சாச்சு. இப்ப உக்காருங்க. மீன் ஆறுது."

சவரி அங்கிள் இலையோடு வந்து உட்கார்ந்தார். ராஜம் அக்கா அவர் பக்கம் தண்ணீரை நகர்த்தினார். அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இந்த விஷயத்தை அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம் என்று முன்மொழிந்தார். அவர் வாயை மூடுவதற்குள் எல்லாரும் வழிமொழிந்தார்கள். ராஜம் அக்காவின் குரலும் அதில் இருந்தது. சமையலறைக்குள்ளிருந்து முத்துவின் குரலும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தை நடத்த ஒரு தலைவர் வேண்டுமே. ஆகவே அவர் இருந்தார். அடுத்த ஆண்டும் கூட்டம் நடந்தது. விஷயம் மறுபடி ஒத்திவைக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. கிள்ளானிலிருந்தும் செமினியிலிருந்தும் அந்த நெரிசலில் ஏன் வருகிறீர்கள் என்று பழனியைக் கேட்டேன். "வராம விட்டா யாராவது முடிவெடுத்துத் தொலைச்சிருவாங்கண்ணே" என்றார்.

லிஃப்டில் இப்போது இருவரும் சேர்ந்து இறங்குகிறார்கள். பேச்சு கிடையாது. பேச வேண்டியதைச் சனிக்கிழமை முதுகும் முதுகுமாக உட்கார்ந்து என் மூலமாகவே பேசுகிறார்கள்.

இந்தக் கட்டுரையைப் பார்த்ததும் அண்ணன் கேட்கப்போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று முன்மொழிந்தது நான். வழிமொழிந்தது அவர் முதுகுக்குப் பின்னால் இருப்பவர். மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, "நல்லதா எழுதுங்க" என்று ஒரு திருத்தமும் கொண்டுவந்தார். எதிர்ப்பு இல்லை.