இடம்பெயர் மீன்கள் ஓய்வறை

ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் மீன்கள் இதுவரை எந்த அலுவலகத்திலும் அனுமதி வாங்கியதில்லை. நெடுங்காலமாக நிலவிவந்த இந்தக் குறையைக் களையும் பெருமை, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை நடத்தும் டில்லிபாபுவுக்கு வாய்த்தது.

மலைப்பக்கம் ஒரு சின்ன நீர்மின் நிலையம். மழைக்காலத்தில் முட்டையிடக் கடலுக்குக் கிளம்பும் விலாங்குகள் அதன் டர்பைனுக்குள் புகுந்து துண்டு துண்டாக வெளியே வந்தன. டில்லிபாபு புது டர்பைன் செய்தார். இறக்கையின் முன்விளிம்பைக் கத்திபோல் விடாமல் தடிமனாக, உருட்டி, சாய்வாக வைத்தார். தண்ணீர் அதில் மோதி விலகும்போது மீனையும் சேர்த்து ஒதுக்கிவிடும். சுற்றும் வேகமும் குறைவு. நல்ல சரக்கு. பாதுகாப்புச் சான்று ஒன்றுதான் பாக்கி. மழைக்கு முன்னால் அது வராவிட்டால் அங்கே பழைய கத்தியே சுற்றும். இவர் டர்பைன் காயலான் கடைக்குப் போகும்.

விண்ணப்பத்தில், ‘இடம்பெயர் மீன்களுக்குப் பாதுகாப்பானது’ என்று எழுதினார். ‘இடம்பெயர்’ என்ற சொல்லைக் கண்டதும் கோப்பு தானும் இடம்பெயர்ந்து, வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கவனிக்கும் இடம்பெயர்வோர் நலப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து ஆய்வாளர் கோகுல்நாத் வந்தார்.

“மீன்களுக்குச் சொந்த ஊர் எது?”

“இன்னா சார் கேள்வி இது? ஆத்துல கீது, கடலுக்குப் போவுது.”

“திரும்பி வருமா?”

“குஞ்சு வரும். பெருசு அங்கியே முட்டை போட்டுட்டு செத்துப்பூடும்.”

கோகுல்நாத்தின் பேனா நின்றது. “பெற்றோர் இல்லாமல் குழந்தைகள் தனியாகப் பயணம்! நிலைமை கவலைக்குரியது. குடிநீர் வசதி?”

“அது தண்ணிலயேதான் சார் கீது!”

“அது குடிநீரா?”

டில்லிபாபு கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையிலேயே இருந்தால் வம்பு.

“தலைக்கவசமும் அவசியம்.”

“காதே இல்லாத மீனுக்கு ஹெல்மெட் பட்டிய எங்க சார் மாட்டுறது?”

காயலான் கடைக்காரனையே பேரம் பேசி அழவைத்தவர் டில்லிபாபு. அந்தக் கோபத்திலும் வாய்க்குப் பழகியது வந்துவிட்டது.

“ஹெல்மெட்ட வுட்ரு சார். குடிதண்ணி குடுத்துர்றேன். ரூம்பு ஒண்ணு கட்டிர்றேன்.”

“காற்றோட்டத்துடன்.”

“ஃபேனோட!”

“கழிப்பறை?”

“ஒண்ணு.”

“பெண் மீன்களுக்கு?”

“ரெண்டு! அத்தோட முடிச்சுக்கோ!”

பேரம் படிந்தது. ஒடிசாவிலிருந்து வந்து பட்டறையில் வெல்டிங் பார்க்கும் பிகாஷும் அவன் கூட்டாளிகளும், வேலை முடிந்தபிறகு செங்கல் தூக்கிப் பின்பக்கம் அறையைக் கட்டினார்கள். தரைக்கு டைல்ஸ், இரண்டு ஃபேன், ஃபில்டர் தண்ணீர். வாசலில் போர்டு: ‘இடம்பெயர் மீன்கள் ஓய்வறை’.

கோகுல்நாத் மறுஆய்வுக்கு வந்தார். ஃபேனைப் போட்டுப் பார்த்தார். தண்ணீரைக் குடித்துப் பார்த்தார்.

“மீன்கள் எங்கே?”

“டூட்டிக்குப் போயிகீதுங்க சார்.”

“நல்லது. வேலை நேரத்தில் ஓய்வறையில் இருக்கக் கூடாது.”

திரும்பும்போது பக்கத்துத் தகரக் கொட்டகையைப் பார்த்தார். கொடி கொள்ளாமல் லுங்கிகள். “இது?”

“வெல்டிங் பசங்க சார். ஒடிசா.”

“அவர்கள் மீன் இல்லையே?”

“இல்ல சார்.”

“அப்படியானால் இந்தக் கோப்பில் வராது.”

சான்று கையெழுத்தானது. டர்பைன் லாரி ஏறியது. மழை வந்தது. விலாங்குகள் வழுக்கிக்கொண்டு முழுசாகக் கடலுக்குப் போயின. ‘சூப்பர் சார், ஒரு மீன்கூட அடிபடல’ என்று மின் நிலையத்திலிருந்து போன் வந்தது. டில்லிபாபு பட்டறை முழுக்க லட்டு கொடுத்தார்.

பிகாஷ் லட்டை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

“அண்ணா, கொட்டாய்ல மழை தண்ணி உள்ள வந்தாச்சு. அந்த ரூம் காலி. நாங்க அங்க படுக்கவா? மீன் வந்தா நாங்க எழுந்து போயிடுறோம்ணா.”

டில்லிபாபு அறையைப் பார்த்தார். போர்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். மெட்ராஸ் பாஷை எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது.

“அது குறிப்பிட்ட பயனாளிகளுக்கான வசதி. கோரிக்கையை எழுத்துப்பூர்வமாகக் கொடு. பரிசீலிக்கப்படும்.”