கொம்யூனில் ஒரு பனியாறு

பனியாறுகளைப் பாதுகாப்பது ஒவ்வொரு குடிமகனின் தலையாய கடமை என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்த திங்கட்கிழமை, புதுச்சேரியில் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும் ஒரு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் ஃபேன் ஓடவில்லை. ஆபீஸின் பெயர் வேண்டாம். சொன்னால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும்.

வளையல் கடை நூருன்னிசா அன்று பதினேழாவது தடவையாக வந்திருந்தாள். மகள் ஃபைஜாவின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பெயர் சேர்க்க மனுக் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழைக் காட்டினால் ஃபைஜாவுக்கு நர்சிங் சீட். காட்டாவிட்டால் கடையில் உட்கார்ந்து வளையல் அடுக்க வேண்டியதுதான்.

"சார், என் மனு இன்னா ஆச்சு?"

"இரும்மா, நம்ம கொம்யூன்ல பனியாறு எத்தினின்னு கேக்குறாங்க" என்றார் கிளார்க் அரிகரன், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லன்னு போடுங்களேன்."

"பூஜ்யம் போட்டா ஒத்துக்க மாட்டேங்குது. கொறைஞ்சது ஒண்ணு வேணும்."

"பனியாறுன்னா இன்னா சார் அது?"

அரிகரன் சுற்றறிக்கையைப் பார்த்துச் சொன்னார்: "வருஷா வருஷம் பனி விழுமாம். உருகாம தங்கிடுமாம். அடுக்கு மேல அடுக்கு ஏறி, மேல இருக்குற கனத்துல கீழ இருக்குறது நசுங்கி, காத்தெல்லாம் வெளிய போயி கல்லா இறுகிடுமாம். அப்புறம் தன்னோட கனத்துலயே மெல்ல நகருமாம். அடியில ஈரம் இருந்தா சுளுவா வழுக்குமாம்."

நூருன்னிசா அவருக்குப் பின்னால் இருந்த பதிவறையைப் பார்த்தாள். தரையிலிருந்து கூரை வரை மனுக்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இமயமலைக்கு ஏன் சார் போவணும்? உங்க பின்னாலயே கெடக்குதே! வருஷா வருஷம் வுழுது, உருகறதே இல்ல, அடியில இருக்குறது கல்லாப் பூடுச்சு. நீங்க கேக்குற ஈரத்த மேசைக்கு அடியில காட்டுனாத்தான் நகருது."

வெளியில் நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த ஆணையர் நாகராஜன் சிரிக்கவில்லை. பதிவறையையே இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உருகுதா?"

"இல்ல சார்" என்றார் அரிகரன்.

"நகருதா?"

"போன மழைக்கு முன்னால ஜன்னல் தெரிஞ்சுது சார். இப்பத் தெரியல."

"அப்போ நகருது. ஒண்ணுன்னு போடுங்க."

புதன்கிழமை மேலிடம் அனுப்பிய பனியாற்று நிபுணர் பிரியதர்ஷினி வந்து இறங்கினார். ஜூன் மாத வெயிலில் தலையில் கம்பளிக் குல்லா. டேப் வைத்து அளந்தார். குவியலில் துளை போட்டு மாதிரி எடுத்தார். பதினைந்து வருஷத்து ஆழத்தில் ஒரு ரேஷன் கார்டு மனுவும், அதில் மடித்த பாதி வடையும் நல்ல நிலையில் கிடைத்தன. பனியாற்றுக்குரிய சகல லட்சணங்களும் பொருந்தியிருப்பதாக அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, மூலக்குளத்திலிருந்து ஜனங்கள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்க வந்துவிட்டார்கள். 'பனியாறு காப்போம்' என்று பனியனில் அச்சடித்து ஒரு கூட்டம் விழிப்புணர்வு ஓட்டம் ஓடியது. கிட்டப் போனதும் ஜில்லென்று இருந்ததாக நான்கு பேர் பேட்டி கொடுத்தார்கள்.

நூருன்னிசா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பதிவறை வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"சார், நாளைக்குக் கடைசி நாள். என் மனுவ எடுத்துக் குடுங்க."

"கை வைக்கக் கூடாதும்மா, பாதுகாக்கப்பட்ட பகுதி" என்றார் அரிகரன். "ஆனா கவலப்படாத. வருஷத்துக்கு மூணு அங்குலம் நகருது. உன் மனுவுலேர்ந்து கவுண்டருக்கு இருபத்தோரு அடி. எம்பத்து நாலு வருஷத்துல தானா வந்துடும்."

"எம் பொண்ணுக்கு நூத்தி ரெண்டு வயசு ஆயிடும்யா!"

"மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை இருக்குதும்மா."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று நூருன்னிசாவுக்கு அழுகை முட்டியது. இந்த நேரம் பார்த்து ஆணையர் வந்து, பனியாற்றை முதலில் கண்டறிந்தவர் என்று அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். பத்தே நிமிஷத்தில் தயாரானது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. பெயர் எழுதும் இடம் காலி.

"இதுல எம் பேரு?"

"பேரு சேர்க்கத் தனியா மனுக் கொடுக்கணும்மா."

அவள் ஆணையர் பக்கத்தில் நின்ற நிபுணரிடம் திரும்பினாள். "இது கொஞ்சம் வேகமா நகர வழியே இல்லியாம்மா?"

"கனம் கூடினா வேகம் கூடும்" என்றார் பிரியதர்ஷினி.

இந்தச் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? வெள்ளிக்கிழமை விடிந்தபோது கொம்யூனே வரிசையில் நின்றது. ஆளுக்கொரு கட்டு மனு. கேட்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள், கேட்பதற்கு ஏதாவது வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். மண்ணாடிப்பட்டிலிருந்து ஒரு டெம்போ நிறைய வந்தது. திங்கட்கிழமை நூருன்னிசாவின் பேச்சுக்குச் சிரித்தவர்களும் வரிசையில் இருந்தார்கள்.

நூருன்னிசா ஃபைஜாவின் மனுவை நாற்பது ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மேல வைங்க சார். நல்லா அமுக்கி வைங்க."

அரிகரன் அமுக்கி வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து அடித்தது. நர்சிங் காலேஜ் கவுண்டர் மூடும் நேரம். அவள் நகரவில்லை. குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லேசா நகர்ந்தா மாதிரி இல்ல?" என்று பின்னால் நின்றவரைக் கேட்டாள்.

"ஆமாக்கா" என்றார் அவர், தன் கட்டை எடுத்து நீட்டியபடி. "நானும் பாத்தேன்."