கழற்றினால் மறந்துவிடும் வாட்ச்

விருத்தாசலத்தில் கம்ப்யூட்டரைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் தன்னை அவமானப்படுத்திவிட்டது என்று வக்கீலைத் தேடிப் போன ஆள் ஒருவர்தான். எங்கள் கிளேசண்ணன். வக்கீல் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எதிராளியின் விலாசம் கேட்டாராம். சூளைக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல் என்று இவர் சொல்லியிருக்கிறார்.

அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். பீங்கான் ஜாடிக்குப் பளபளப்பு கொடுக்கும் கிளேசைக் கலக்குவதும், ஜாடியைச் சூளையில் பதம் பார்த்து வேகவைப்பதும் அவர் வேலை. முழங்கை வரை எந்நேரமும் வெள்ளையாக இருக்கும். கிளாஸில் இருக்கும் விரல் தடத்தைப் பார்த்தே, அண்ணன் குடித்துவிட்டுப் போனார் என்று டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார். நான் அந்த ஜாடி யூனிட்டின் ஆபீஸ். போன், ஆர்டர், லாரி எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் என்பதால், ஆபீஸில் வேலை பார்த்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

வம்பு முதலாளியால் வந்தது. சூளையின் சூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றவும் நிறுத்தவும் ஏற்பாடு செய்தார். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். திறக்க பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். அண்ணன் அடித்தார். கிளேசு கீபோர்டுக்குள் இறங்கிக் காய்ந்தது. இரண்டு கீபோர்டுகள் இப்படிச் செத்த பிறகு, முதலாளி மூன்றாவதைத் தன் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு அண்ணன் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்சைக் கட்டிவிட்டார். அந்த வாட்ச் பக்கத்தில் வந்தால் கம்ப்யூட்டர் தானே திறந்துகொள்ளும். அதற்குப் பிறகு பிளாஸ்டிக் கவர் போட்ட மௌஸ் ஒன்றே போதும்.

முதல் வாரம் அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை. லோடு ஏற்ற வந்த வேப்பூர் லாரி டிரைவரைக்கூட இழுத்துவந்து காட்டினார். "பாருங்க, நா வந்தா எந்திரிக்குது. எங்க வூட்ல எந்தப் புள்ளையாவது இப்புடி எந்திரிக்குதா?" என்று கேட்டார். டிரைவர் தன் வீட்டிலும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் வாரம் அது எழுந்திருக்கவில்லை. அண்ணன் மணிக்கட்டைக் காட்டினார். புறங்கையைத் திருப்பிக் காட்டினார். அதன் முகத்துக்கு நேரே குனிந்து "நாந்தான்" என்றார். அது பாஸ்வேர்டு கேட்டது. முப்பது வருடம் சூளையைக் காத்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்க இதற்கு என்ன தைரியம் என்று யூனிட் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அதற்கு மறுநாள்தான் வக்கீல் வீட்டுக்குப் போனது.

எனக்கு வந்த ஆத்திரம் வேறு மாதிரி. சர்வீஸ் சென்டருக்குத் தினமும் போன் போட்டேன். ப்ளூடூத்தை அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். வாட்சை அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். செட்டிங்கை எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள்; முதலாளி வந்து சேர்த்தார். வாட்சுக்கென்று தனியாக இருக்கும் நாலு இலக்க நம்பரை ஒவ்வொரு முறையும் நான்தான் போடுவேன். ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய கதை. போனில் வரும் பெண் தவறாமல் ஒன்று கேட்பாள்: வாட்ச் கையில்தான் இருக்கிறதா? எட்டிப் பார்ப்பேன். கையில்தான் இருக்கும். எங்களைப் பார்த்தால் அது கூடத் தெரியாதவர்களாகவா தெரிகிறது என்று ஒருநாள் நன்றாகக் கேட்டுவிட்டேன்.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று மாதம் கலக்கிக் கலக்கி அண்ணன் ஒரு பச்சை நிறம் கண்டுபிடித்திருந்தார். அந்தப் பச்சை பூசிய நாற்பது ஜாடிகள், சென்னைக் கடை ஒன்றின் ஆர்டர், சூளையில் வெந்துகொண்டிருந்தன. மதியம் மூன்று மணிக்குச் சூடு உச்சத்துக்கு வரும்போது அதை அங்கேயே நிறுத்திப் பிடிக்க வேண்டும். தாண்டினால் கிளேசு வழிந்து, ஜாடி அடித்தட்டோடு ஒட்டிக்கொள்ளும். பயந்துபோய் சூளையின் கேஸ் வால்வை ஒரேயடியாக மூடினால் ஜாடி விரிசல் விடும். முதலாளி சென்னை பஸ்ஸில் இருந்தார், போன் எடுக்கவில்லை. கீபோர்டு இருந்த அவர் அறைக்கு இரும்புக் கதவு.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சத்தம் கேட்டு ஓடினேன். கம்ப்யூட்டர் பூட்டிக் கிடந்தது. வாட்ச் நம்பர் கேட்டிருக்கிறது. அண்ணன் கிளேசு விரலாலேயே போட்டிருக்கிறார். அவர் தொட்டது ஒரு எண், கிளேசு வழிந்து விழுந்தது இன்னொரு எண். பலமுறை தப்பாகப் போனதும் வாட்ச் ரோஷம் வந்து, ஐந்து நிமிடம் கழித்து முயலவும் என்று சொல்லிவிட்டது. சூளையின் சூடு மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் ஏறியது.

"கடைசியா எப்பண்ணா கழட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"நா எங்கம்மா கழட்டுனேன்? ஆணியில மாட்டுனேன்."

அங்கேயே தலையில் கை வைத்தேன். எங்கள் யூனிட்டில் வேகாத ஜாடிகள் காயும் அறை ஒன்று உண்டு. பச்சை மண்ணில் வளையல் உரசினால்கூடக் கீறல் விழும். அதனால் வாட்ச், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அண்ணன் போட்ட சட்டம் அது. முதலாளி மனைவியே ஒருமுறை வளையலைக் கழற்றி மாட்டியிருக்கிறார். அண்ணன் ஒரு நாளைக்கு இருபது தடவை உள்ளே போய்வருவார். வாட்ச் வந்த முதல் வாரம் மட்டும் அந்த அறை காலியாகக் கிடந்தது. தோலை விட்டு விலகியதும் வாட்ச் பூட்டிக்கொள்ளும், நம்பர் போடும்வரை கம்ப்யூட்டரிடம் பேசாது. மாட்டுவது கழற்றுவதில் சேரும் என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை. நானும் தினமும் அதே ஆணியில் என் வளையலை மாட்டியவள்தான், எனக்கும் தோன்றவில்லை.

"கழட்டினா அது உங்கள மறந்துடும்ணா" என்றேன்.

"ரெண்டு நிமிசத்துலயா? நீ ஒரு வாரம் லீவுல போயிட்டு வர, நா மறக்கறனா?"

பிறகு அவர் கத்தவில்லை. சூளையைப் பார்த்தபடி, "இங்கயேதான நிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டதும், வாட்சைக் கண்டுபிடித்தவனை அந்த நிமிடம் அங்கே நிறுத்தி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

ஐந்து நிமிடம் முடிந்ததும் வாட்சைத் துப்பட்டாவில் துடைத்து நம்பர் போட்டேன். கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொண்டது. அண்ணன் மௌஸைப் பிடித்துச் சூட்டை நிறுத்தினார். இரண்டு நாள் ஆறவிட்டுக் கதவைத் திறந்தபோது, கிளேசு லேசாக வழிந்து ஒவ்வொரு ஜாடியின் அடியிலும் ஒரு பச்சைச் சொட்டு தொங்கியது. ஒன்றும் ஒட்டவில்லை. சென்னைக் கடைக்காரர் அடுத்த ஆர்டருக்கும் அதே சொட்டு வேண்டும் என்றார். தப்பு செய்தது கம்ப்யூட்டர், பெயர் தனக்கா என்று அண்ணன் அதற்கும் கோபித்துக்கொண்டார்.

ஆணிச் சட்டத்தை மாற்றச் சொன்னேன், முடியாது என்றார். மறுநாள் வாட்சைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு வந்தார். கால் ஜாடியில் உரசாது, கழற்றவும் வேண்டாம். பக்கத்தில் நின்றாலே திறக்கும் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்காமல், வேட்டியை மடித்து ஒற்றைக் காலைத் தூக்கி அதன் முகத்துக்கு நேரே காட்டுவார். மரியாதையாகக் கையைக் காட்டியபோது மதிக்கவில்லை அல்லவா என்பது அவர் கணக்கு.

அடுத்த வருடம் நான் கல்யாணமாகிப் புதுச்சேரி போய்விட்டேன். மூன்று வருடம் கழித்து, போன மாதம்தான், சொல்லாமல் கொள்ளாமல் யூனிட்டுக்குப் போனேன். இளைத்திருந்தேன், கண்ணாடி போட்டிருந்தேன், மழைக்கு முக்காடு வேறு. அண்ணன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தார். "சாப்ட்டியாம்மா?" என்றார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

"பாத்துக்க. மூணு வருசம். நா எதுனா நம்பர் கேட்டனா?"