நான்காவது விளைவு

பாசமிகு அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்றும், அண்ணி வழக்கம்போல உங்களை அதட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பார் என்றும் நம்புகிறேன். இங்கே வீட்டில் எல்லோரும் நலம். நான் நலமா இல்லையா என்பது மட்டும் எனக்கே தெரியவில்லை. நலத்தை எப்படி அளப்பது, அதற்கு என்ன சான்று என்றெல்லாம் இப்போது உடனே கேள்வி வந்துவிடுகிறது. அந்த வியாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் சோப்புத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவர். ஓடிவரும் சோப்பைப் பார்த்த மாத்திரத்தில் இது தேறும், இது தேறாது என்று ஒதுக்கிவிடுவீர்கள். இப்போது எனக்கும் அதே வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். என் முன்னால் ஓடுவது சமூகவியல் படிக்கும் இளங்கலை மாணவர்கள். சோப்பாவது பேசாமல் வரும். கல்லூரி முதல்வர் போன வாரம் கூட்டம் போட்டு, இனிமேல் மதிப்பெண் மட்டும் போதாது, மூன்று வருடம் படித்ததில் மாணவருக்குள் என்ன விளைந்தது என்று ஒவ்வொரு துறையும் சான்றோடு காட்ட வேண்டும், வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து குழு வருகிறது, காட்ட முடியாத துறையை வணிகவியலோடு சேர்த்துவிடுவோம் என்றார். சேர்ப்பது என்றால் மூடுவது; மரியாதைக்காக அப்படிச் சொல்கிறார்கள். துறை போனால் முதலில் போவது என் வேலைதான். எங்கள் துறையில் இருப்பதே மூன்று பேர். துறைத்தலைவர் ஒருவர், யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாதவர் என்பதால் மாணவர்கள் அவருக்கு 'ஆமாம் சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புள்ளிவிவரப் பாடம் எடுக்கும் இளைஞர் ஒருவர். அப்புறம் நான். சும்மா இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு இருக்காமல், "விளைவுன்னா என்ன சார்?" என்று கேட்டேன். முதல்வர் ஆமாம் சாரைப் பார்த்தார். அவர், "ஆமாம் ஆமாம், மேடமே பார்த்துக்கட்டும்" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் மாப்பிள்ளையிடம் புலம்பினேன். "பரீட்சை வெச்சு மார்க் போட்டாச்சே, அப்புறம் என்ன?" என்றார். மார்க் வேறு, விளைவு வேறு என்றேன். "அப்போ மார்க்குன்னா என்ன?" என்றார். இருபது வருடமாக மார்க் போடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? பல் டாக்டருக்கு என்ன கவலை? "நான் பல்லைப் பிடுங்கினா தட்டுல பல்லு கிடக்கும், அதான் விளைவு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தட்டில் போட்டுக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? ஆனாலும் உட்கார்ந்து, 'மாணவர் சமூகத்தைப் புரிந்துகொள்வார்' என்று எழுதிக் கொடுத்தேன். புரிதலை அளக்க முடியாது, அளக்கக்கூடிய வினைச்சொல்லாகப் போடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. சரி என்று 'விளக்குவார்', 'ஒப்பிடுவார்', 'எடுத்துக்காட்டு தருவார்' என்று மூன்றைப் போட்டேன். நான்கு வேண்டுமாம். எரிச்சலில், 'மாணவர் எந்த ஏற்பாட்டையும் அப்படியே ஏற்காமல் ஏன், யாருக்காக என்று கேட்பார்' என்று நான்காவதாக எழுதினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அந்த நிமிடம்தான். புள்ளிவிவரக்காரர், "பிரமாதம் மேடம், இதுதான் நம்ம பாடத்தோட உயிரே" என்று பாராட்டி, 'நான்காவது விளைவு' என்று தலைப்புப் போட்டு அதற்கென்று ஒரு வினாத்தாளும் தயாரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே 'முழுமையாக உடன்படுகிறேன்' என்பதிலிருந்து 'சற்றும் உடன்படவில்லை' வரை ஐந்து கட்டங்கள்.

திங்கட்கிழமை இறுதியாண்டு வகுப்பில் தாளைக் கொடுத்தேன். முதல் வரிசையில் ஒரு பெண் உண்டு. எதைச் சொன்னாலும் "ஆனா மேடம்" என்று ஆரம்பிப்பாள், அதனால் அவள் பெயரே 'ஆனா' ஆகிவிட்டது. எழுந்து, "மேடம், இத நிரப்பறது கட்டாயமா?" என்றாள். அண்ணா, நான் என்ன செய்வேன்? யாரிடமும் தகவல் வாங்கும் முன் அவர்கள் சம்மதம் கேட்க வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது என்று போன வருடம் முழுக்க அவர்களுக்குப் பாடம் நடத்தியதே நான்தான். "கட்டாயம் இல்லை" என்றேன். அவ்வளவுதான், பேனாக்கள் கீழே போயின. "ஆனா மேடம், இத யார் பாப்பாங்க?" "எங்கள அளக்கறவங்கள யாரு அளப்பாங்க?" "அஞ்சு கட்டத்துல அடங்காதவங்க எங்க டிக் பண்றது?" என்று மூலைக்கு ஒருவராக எழுந்துவிட்டார்கள். நல்ல கேள்விகள், அண்ணா. ஒவ்வொன்றும் வைரம். எனக்குப் பெருமையும் வந்தது, வேலை போய்விடுமே என்ற பயமும் வந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடைசியில் நிரப்பிக் கொடுத்தவர்கள் நான்கே பேர். மூன்று பேர் அந்தப் பருவத்தில் அன்றைக்குத்தான் வகுப்புக்கே வந்தவர்கள். நான்காவது ஆள் எங்கள் மாணவனே அல்ல. எங்கள் அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்று வந்து உட்கார்ந்த வணிகவியல் பையன். அவன் 'நான் எதையும் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை' என்பது உட்பட எல்லாவற்றுக்கும் 'முழுமையாக உடன்படுகிறேன்' என்று போட்டிருந்தான்.

புள்ளிவிவரக்காரர் கணக்குப் போட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். தாள்களின்படி பார்த்தால், விளைவை எட்டியவர்கள் அந்த நான்கு பேர் மட்டும்; அவர்களுக்குச் சமூகவியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. நடந்ததைப் பார்த்தால், அந்த நான்கு பேரைத் தவிர மற்ற எல்லோரும் எட்டிவிட்டார்கள். அதற்குச் சான்று ஒரு கட்டு வெற்றுத்தாள். "கத்துக்கிட்டவங்க நிரப்ப மாட்டாங்க, நிரப்பறவங்க கத்துக்கல. இத எந்த வாய்ப்பாட்டுல போடறது மேடம்?" என்கிறார். ஆமாம் சாரிடம் போய், வெற்றுத்தாளைக் குழுவிடம் கொடுக்கலாமா என்றேன். "ஆமாம்" என்றார். அப்போ துறை போய்விடுமே என்றேன். அதற்கும் "ஆமாம்" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், புதன்கிழமை மாடிப்படியில் ஆனாவை நிறுத்திக் கெஞ்சினேன். நிரப்பிக் கொடும்மா, இல்லாவிட்டால் துறையும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன் என்றேன். அவள் சொன்னாள்: "நீங்க சொன்னா நிரப்பறோம் மேடம். ஆனா, சொன்னதுக்காக நிரப்பினா அந்த நாலாவது விளைவுல நாங்க ஃபெயில்தானே? படிப்பு முடிஞ்சதும் நான் சித்தப்பா கடையில உட்காரணும்னு வீட்ல முடிவு பண்ணிட்டாங்க. தம்பிய ஏன் உட்காரச் சொல்லலன்னு கேட்டேன். அப்பா ரெண்டு நாள் என்கிட்ட பேசல. அப்புறம், 'சரி, யோசிக்கலாம்'னார். இங்க படிக்க வர்றதுக்கு முன்னாடின்னா கேட்டிருக்கவே மாட்டேன். அத எந்தக் கட்டத்துல டிக் பண்ணணும் மேடம்?"

என்னிடம் அப்படி ஒரு கட்டம் இல்லை, அண்ணா. எனக்கு வெட்கமாக இருந்தது. நேராக வகுப்புக்குப் போய், "யாரும் இதை நிரப்பக் கூடாது. இது என் உத்தரவு. வெற்றுத்தாளையே கொடுக்கப் போறேன், வர்றது வரட்டும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வகுப்பில் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. இன்று வியாழன். நாளை குழு வருகிறது. செய்தது சரியா தப்பா என்று புரியவில்லை. தேறிய சோப்பைத் தேறாதது என்று தாளே சொன்னால் நீங்கள் எதை நம்பியிருப்பீர்கள்? உடனே பதில் எழுதுங்கள். வேலை போனால் கொஞ்ச நாள் அங்கே வந்து தங்குவேன், அண்ணியிடம் மெதுவாகச் சொல்லி வையுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் கேள்வி கேட்டுக் கேட்டே நூறு வருடம் வாழட்டும்.

உங்கள் குழம்பிய தங்கை.

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து கடிதம் பையிலேயே கிடந்தது நல்லதாகப் போயிற்று. மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், அண்ணியிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். இன்று காலை குழுவின் முன்னால் கட்டைப் பிரித்தேன். எல்லாத் தாளும் நிரப்பியிருந்தது! நேற்று சாயங்காலம் மாணவர்கள் ஆமாம் சாரின் அறையில் நான் வைத்திருந்த கட்டை அவரிடம் கேட்டிருக்கிறார்கள், அவருக்குத்தான் மறுக்கத் தெரியாதே. எல்லாத் தாளிலும் எல்லா வாக்கியத்துக்கும் 'முழுமையாக உடன்படுகிறேன்'. குழுத்தலைவருக்குச் சந்தேகம் வந்து, வகுப்புக்கே போய், "உங்க மேடம் இப்படி நிரப்பச் சொன்னாங்களா?" என்று கேட்டார். ஆனா எழுந்தாள். "இல்ல சார், நிரப்பக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க." "அப்புறம் ஏன் நிரப்பினீங்க?" "அந்த உத்தரவு யாருக்காகன்னு யோசிச்சோம் சார். எங்களுக்காகப் போட்டிருக்காங்க, அவங்க வேலை போகும்னு தெரிஞ்சே. எங்களுக்கு அது சரின்னு படல." குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுக்குக் கீழ்ப்படிதல்னு பேரா, கீழ்ப்படியாமைன்னு பேரா மேடம்?" என்று என்னைக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் எங்கள் துறைக்கு நேரே 'தொடரலாம்' என்று எழுதிவிட்டுப் போனார். வெளியே வந்ததும் ஆனா பின்னாலேயே ஓடிவந்து, "எங்க மேல கோபமா மேடம்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.